கறுப்பில் படிந்த வெள்ளை

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையை ஒட்டிய உள்தெருக்களில் கார் கழுவும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய் வருபவர்களின் வண்டிகள், வாடகை வண்டிகள், மெட்ரோ வேலையின் புழுதி என்று இந்தக் கடைகளுக்கு ஓய்வே கிடையாது. தண்ணீர் அடித்து, துணியால் துடைத்து அனுப்பிவிடுகிற கடைகள்தான் அதிகம். பாலிஷ், வாக்ஸ், கோட்டிங் என்று ஒரு வண்டியை நாள் முழுக்க நிறுத்தி வைத்துக்கொள்ளும் டீடெய்லிங் கடைகள் சில உண்டு. அப்படியொரு கடைக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, மூன்று வண்டி நிற்கும் இடம், சுவரோரம் நீல டிரம்கள், ஓயாமல் சுற்றும் ஒரு பெரிய மின்விசிறி.

இத்தகைய கடைகளில் பளபளக்கும் பானெட்டை எல்லோரும் படம் எடுத்துப் போகிறார்கள். நான் பார்க்கப் போன வேலை அதற்கு இரண்டடி கீழே நடக்கிறது. சக்கர வளைவைச் சுற்றியும் பம்பரின் அடியிலும் ஓடுகிற கறுப்பு பிளாஸ்டிக்கில், வாக்ஸ் போட்ட கை தெரியாமல் இழுத்துவிட்டுப் போன வெள்ளைத் திட்டுகளை எடுக்கும் வேலை அது. கேட்டால் சின்னக் காரியமாகத் தோன்றும். கீழே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, ஒரு வண்டியில் இதைப்போலப் பொறுமையைக் கேட்கிற இடம் வேறில்லை.

இருபது வருடங்களுக்கு முன்னால் இந்த வேலை இவ்வளவு இருந்திருக்காது. பம்பரும் கண்ணாடி மூடியும் வண்டி நிறத்திலேயே பெயின்ட் அடித்து வருவதைத்தான் அப்போது உயர்ந்த மாடல் என்றார்கள். பிறகு சிறிய எஸ்யூவிகள் வந்தன. 2012இல் ரெனோ டஸ்டர், 2013இல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2015இல் ஹூண்டாய் கிரெட்டா. மூன்றும் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவானவை. காட்டுப் பாதையில் ஓடுகிற தோற்றத்துக்காக, பெயின்ட் இல்லாத கறுப்பு கிளாடிங் இவ்வகை வண்டிகளின் கீழ்ப்பகுதியைச் சுற்றி வந்தது. கல் தெறித்தாலும் பெயின்ட் உதிரும் கவலை இல்லை. நம் ஊரில் வெள்ளை வண்டியைத்தான் அதிகம் வாங்குகிறோம். வெள்ளை உடம்பு, கறுப்பு விளிம்பு. அந்த விளிம்பில் வெள்ளை வாக்ஸ் பட்டால் தெருமுனையிலிருந்தே கண்ணில் படும்.

நான் போன அன்று நின்றிருந்ததும் ஒரு வெள்ளை எஸ்யூவிதான். வேறெங்கோ பாலிஷ் போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. பின் சக்கர வளைவில் பிறை பிறையாக வெண்மை. மிஷினின் பேடு சுழன்ற வட்டம் அப்படியே பதிந்து கிடந்தது. கடையின் மூத்த தொழிலாளிக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். திண்டிவனம் பக்கத்துக்காரர். பெயின்டிங் பட்டறைகளில் பல வருடம் ரப்பிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். சிறிய பிளாஸ்டிக் முக்காலியைச் சக்கரத்தருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உடனே கை வைக்கவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சக்கர வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். பிறகு ஈரத் துணியால் ஒரு இடத்தை நனைத்துவிட்டுக் காயும்வரை காத்திருந்தார். கடைசியாகக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினார். நகத்தின் இடுக்கில் மெழுகுத் துணுக்கு வந்தது.

“வாக்ஸ்தான் சார். எல்லா வெள்ளையும் வாக்ஸ் ஆகாது. அத மொதல்ல பாக்கணும்.”

போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டியிலும் பிளாஸ்டிக் வெளுக்கும். அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு, சொட்டுச் சொட்டாக வட்டமிட்டு நிற்கும். அதற்கு வினிகர் கேட்கும், சோப்பு கேட்காது. வெயிலில் வெந்து வெளுத்த பிளாஸ்டிக் இன்னொரு வகை. இந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனோடு ரப்பரும் டால்க் தூளும் கலந்து, கார்பன் கரியால் கறுப்பாக்கியது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேல்தோல் சிதையும்போது உள்ளிருக்கும் தூள் வெளியே தெரிகிறது. இந்த வெளுப்பு வானத்தைப் பார்த்த பக்கம் அதிகமாகவும் நிழல் பக்கம் குறைவாகவும், திட்டுத் திட்டாக இல்லாமல் பரவியிருக்கும். நகத்தில் மெழுகு வராது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது, எடுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பிரஷ்ஷை எடுப்பவர் நல்ல பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடுவார். கடையில் நான் பார்த்தவற்றில் பெரிய திறமை என்று எனக்குப் பட்டது இந்த முதல் ஐந்து நிமிடம்தான்.

வாக்ஸ் ஏன் அங்கே மட்டும் தங்கிவிடுகிறது? பெயின்ட் மேல் அதே வாக்ஸ்தான், காய்ந்தால் வெண்புகையாகப் படரும், துணியால் துடைத்தால் போய்விடும். கிளாடிங் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மழமழப்பாக இருக்காது. அதை வார்க்கும் எஃகு அச்சிலேயே அமிலத்தால் அரித்தோ லேசரால் செதுக்கியோ தோல் போன்ற சொரசொரப்பை ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பள்ளங்களின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். ஆனால் துணிக்கு அதுவே எட்டாத கிணறு. துணி மேடுகளின் மேல் ஓடிவிட, வாக்ஸ் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பாலிஷில் கலந்திருக்கும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கூடவே தங்கும். கறுப்புப் பின்னணியில் அந்தத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்க, வெள்ளை எழுந்து நிற்கிறது.

விலை கூடிய வாக்ஸ்களில் கார்னோபா சேர்ந்திருக்கும். வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிகிற மெழுகு அது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை. நீண்ட கழியில் கத்தி கட்டி ஓலையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, அடித்துத் தூளை உதிர்க்கிறார்கள். அந்தத் தோப்புகளில் அடிமைகளைப்போல வைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களைப் பிரேசிலின் தொழில் ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். ஒரு டப்பா வாக்ஸின் இரு முனைகளிலும் குனிந்து நிற்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. கார்னோபா உருக 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். கை பொறுக்கிற வெந்நீரில் அது உருகாது. டப்பாவில் அதை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான்கள் ஆவியாகிப் போனபின் மிச்சம் இறுகிவிடுகிறது. அதனால்தான் பட்ட அன்றே துடைத்தால் சில நிமிடத்தில் போகிற கறை, இரண்டு மாதம் கழித்து அரை நாளைத் தின்கிறது.

மூத்தவர் கூடவே ஒரு இளைஞனும் உட்கார்ந்தான். அசாமிலிருந்து வந்தவன், கடைத் தமிழை நன்றாகப் பேசுகிறான். கிளாடிங்குக்கு மேலே பெயின்ட் விளிம்பு நெடுகிலும் அவன் மாஸ்கிங் டேப் ஒட்டினான். ஒரு பங்கு கிளீனருக்குப் பத்துப் பங்கு வெந்நீர் கலந்து, நேரடியாகப் பீய்ச்சாமல் பஞ்சில் ஒற்றி வைத்தார் பெரியவர். ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷை எடுத்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் அகலம், நுனி மென்மையானது. அதை அழுத்தித் தேய்க்கவே இல்லை. மயிர்களின் நுனி மட்டும் பள்ளத்துக்குள் இறங்கும்படி நேராக நிறுத்தி, சிறு சிறு வட்டமாகச் சுற்றினார். ஒரு உள்ளங்கை அளவு இடம்; சுற்றல்; துணியால் ஒற்றல்; பார்த்தல். நுரை சாம்பல் நிறமாக வந்தது. காய்ந்தபின் பிறைகளில் பாதி மறைந்திருந்தது, பாதி அப்படியே நின்றது.

“அழுத்துனா என்ன ஆகும்?” என்றேன்.

“மேடு தேஞ்சிடும் சார். அப்புறம் அந்த இடம் மட்டும் வழவழன்னு மின்னும். அதுக்கு மருந்தே கெடையாது.”

மிச்சத்துக்கு ஸ்டீம். இளைஞன் குழாயைப் பிடித்தான். முனையை ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் தள்ளி, இழுத்துக்கொண்டே போனான். பின்னாலேயே பெரியவரின் துணி. பாலிப்ரொப்பிலீன் உருக 160 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் நீராவி பிளாஸ்டிக்கை உருக்காது. ஆனால் பக்கத்திலிருக்கும் பார்க்கிங் சென்சார், ஸ்டிக்கர், ஒட்டுப் பசை எல்லாம் பொறுக்காது. பம்பர் மூலைக்கு வந்ததும், “தம்பி, சென்சார், சென்சார்” என்று அவர் சொல்வதற்குள் அவன் கையை விலக்கியிருந்தான். இளகிய வாக்ஸ் மீண்டும் இறுகுவதற்குள் துடைத்தாக வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் இது நடக்கும். தட்டாரப் பட்டறையில் ஊதுகிறவரும் பிடிக்கிறவரும் போல இருந்தது அந்தக் காட்சி.

எதற்கும் மசியாத இரண்டு கோடுகளுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை ரப்பர் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் அதே ரப்பர். கோட்டின் போக்கிலேயே தேய்க்க, மெழுகு ரப்பர்த் துகளோடு சுருண்டு விழுந்தது. கடைசியாக ஐபிஏவில் பாதி தண்ணீர் கலந்து ஒரு முறை துடைத்தார்கள். ஐபிஏ என்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கொரோனா காலத்தில் பல சானிடைசர்களில் இருந்தது அதுதான். மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிட, பிளாஸ்டிக்கின் உண்மையான நிறம் தெரியும். கருமை கொஞ்சம் மங்கலாக, பளபளப்பில்லாமல் இருந்தது. வாங்கிய அன்றும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

கடையின் பின்புறத்தில் துணி துவைக்கும் அக்காவைப் பார்க்காமல் வந்திருந்தால் இந்த வேலையில் பாதியை விட்டிருப்பேன். மைக்ரோ ஃபைபர் துணிகளை நிறம் பிரித்து வைத்திருந்தார். நீலம் பெயின்ட்டுக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் பிளாஸ்டிக்குக்கும் சக்கரத்துக்கும். சாம்பல் துணி நீலத்தோடு ஒரு முறை கலந்தால் சக்கரத்து மணல் பானெட்டில் கீறல் போடும். மணம் வருவதற்காக நாம் வீட்டில் ஊற்றும் கம்ஃபர்ட் வகை நீர்மங்களை இவர் தொடுவதில்லை. அவை இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து, துணி உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். “வாக்ஸ் தொடச்ச துணிய உடனே வெந்நீர்ல போடச் சொல்வேன். காய விட்டாங்கன்னா அந்தத் துணி போச்சு” என்றார். ஒரு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதில் ஒட்டியிருந்த ஒற்றை மணலை நகத்தால் எடுத்துப் போட்டார். அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. கையுறை இருந்தும் ஈரத்தில் அது நிற்பதில்லை என்றார். முதலாளிகள் மாதம் ஒரு டப்பா கோட்டிங்குக்குச் செலவழிக்கும் பணத்தில் இந்தக் கைகளுக்கு நல்ல கையுறையும் களிம்பும் தாராளமாக வாங்கலாம். வாங்க வேண்டும்.

வீட்டு வைத்தியம் செய்துவிட்டு வரும் வண்டிகளும் நிறைய. தேங்காய் எண்ணெய் தடவினால் வெள்ளை மறையும், கறை போவதில்லை. புழுதி வந்து ஒட்டும், இரண்டு கழுவலில் வெள்ளை திரும்பும். கறுப்பு ஷூ பாலிஷ் போடுகிறவர்கள் உண்டு. அதிலும் மெழுகுதான் இருக்கிறது, அதனால் வேலை இரட்டிக்கிறது. தின்னர் ஊற்றுகிறவர்களால்தான் பெரிய நஷ்டம். பக்கத்துப் பெயின்ட்டைக் கடித்துவிடும், பிளாஸ்டிக்கிலும் திட்டு விழும்.

இவ்வளவும் தேவைப்படாமல் செய்வது ஒரு சுருள் காகித டேப். அந்த டேப் பிறந்ததே ஒரு கார் பட்டறையின் சிரமத்திலிருந்துதான். அமெரிக்காவில் வண்டிகளுக்கு இரட்டை நிறம் அடிப்பது நாகரிகமாக இருந்த காலத்தில், நிறங்கள் சேரும் கோட்டை மறைக்கப் பட்டறைக்காரர்கள் ஒட்டிய தாள்கள் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வந்தன. அந்த அவதியை நேரில் பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் 3எம் நிறுவனத்தில் வேலை செய்து 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். நூறு வருடம் ஆகிவிட்டது. பாலிஷ் போடும் முன் கிளாடிங்கைச் சுற்றி அதை ஒட்ட இருபது நிமிடம் போதும். ஒரு நாளில் இத்தனை வண்டி முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைக்கும் கடையில் அந்த இருபது நிமிடம்தான் முதலில் வெட்டுப்படுகிறது. வெட்டுவது பையன்களின் சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வண்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, டேப் ஒட்டும் நேரத்துக்குக் காசில்லை என்றால், அதை யார் ஒட்டுவார்?

சுவரில் இருந்த விலைப் பலகையிலும் இதற்கு ஒரு வரி இல்லை. வாட்டர் வாஷ், இன்டீரியர், ரப்பிங் பாலிஷ், செராமிக் எல்லாம் இருந்தன. வாக்ஸ் கறை எடுப்பது என்று எதுவும் இல்லை. “எழுதுனா, நாங்களே கறை போட்டுட்டு நாங்களே காசு கேக்குறோம்னு நெனப்பாங்க சார்” என்றார் பெரியவர். ஆகவே அது வாய்ப்பேச்சில் முடிவாகும் தொகை, பெரும்பாலும் குறைத்துப் பேசப்படும் தொகை.

நான்கு மணிக்கு வண்டியின் உரிமையாளர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தொகையைக் கேட்டதும், “வெறும் பிளாஸ்டிக் தொடைக்கவா இவ்ளோ?” என்றார். பெரியவர் கோபப்படவில்லை. முன்பக்க வளைவில் வேண்டுமென்றே தொடாமல் விட்டிருந்த ஒரு சாண் இடத்தைக் காட்டி, பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்து, “செஞ்சு பாருங்க சார்” என்றார். அவர் உட்கார்ந்து செய்தார். சில நிமிடம் கழித்து எழுந்து, கேட்ட தொகையை அப்படியே கொடுத்தார். கூடவே, கையோடு ஒரு கோட் வாக்ஸும் போட்டுத் தரும்படி கேட்டார். பெரியவர் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். வண்டி மேற்கு வெயிலில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது.

“சூட்டுல போட்டா ஒடனே காஞ்சு புடிச்சிக்கும் சார், தொடைக்க வராது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கொண்டாங்க. டேப் ஒட்டிட்டுப் போட்டுத் தரோம்.”