சிவப்புப் பொத்தான்

தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் செம்மண்டலத்துத் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மாளுக்கும் எனக்கும் பல வருஷத்துச் சிநேகம். விலையில் நான் ஜயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். எடையில் அவள் ஜயித்திருப்பாள்.

போன மாதம் ஒரு நாள், கூடையை இறக்கியதும் இறக்காததுமாக, "பேரப்புள்ள பண்ணின கூத்தைக் கேளும்மா" என்று ஆரம்பித்தாள்.

மகன் தன் படகில் புதிதாக வயர்லெஸ் பெட்டி வைத்திருக்கிறான். அதில் ஒரு சிறு மூடி. மூடிக்குள் சிவப்புப் பொத்தான். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே தொட வேண்டியது. கரையில் நின்ற படகில் ஏறிய ஆறு வயதுப் பேரன், மூடியைத் தூக்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றானாம்.

"கடலோரக் காவல்படை வந்து நிக்கப்போவுதுன்னு எம் புள்ள நடுங்கிட்டான். பையனுக்கு நல்ல அடி. ஆனா, நல்ல வேளை, ஒண்ணுமே ஆவலை. என்னமோ இங்கிலீசுல எழுத்து வந்துச்சாம், அவ்வளவுதான்!"

நானும் சிரித்தேன். சங்கரா மீனைக் கழுவும்போதுதான் சிரிப்பு அடங்கியது. ஒன்றுமே ஆகவில்லையா? ஏன் ஆகவில்லை?

மறுநாள் பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னேன். காலேஜில்கூட நான் எந்தப் புத்தகத்தையும் அத்தனை கவனமாகப் படித்ததில்லை.

பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்தினால், பெட்டி 70-ஆம் சானலில் தானாகவே அபாயச் செய்தி அனுப்பும். பதில் கிடைக்கும் வரை சில நிமிஷங்களுக்கு ஒரு முறை திரும்பவும் அனுப்பும். அதோடு 16-ஆம் சானலில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், வந்த ஆபத்து எல்லாவற்றையும் வாயாலும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'எனக்கு உதவுங்கள்' என்பதன் திரிபுதான் 'மேடே'.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம் உண்டு. படகுக்கென்று முறைப்படி பெற்ற ஒன்பது இலக்க எண்ணைப் பெட்டியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் அபாயச் செய்தி போகவே போகாது. திரையில் வந்த இங்கிலீஷ் எழுத்து அதைத்தான் சொல்லியிருக்கிறது. ஜி.பி.எஸ். இணைப்பும் வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்று பெட்டி கத்தும், எங்கே என்று சொல்லாது.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். 2004 சுனாமியையும், 2011 தானே புயலையும் கண்ட கரை அவளுடையது. ஒரு சமயம் எஞ்சின் நின்றுபோய், அவள் புருஷன் இரண்டு இரவுகள் கடலில் மிதந்திருக்கிறார். வேறு படகுக்காரர்கள் தற்செயலாகக் கண்டு இழுத்து வந்தார்களாம்.

"பொட்டி இருக்கேன்னு நாலு மாசமா நிம்மதியாத் தூங்கிட்டேனேம்மா" என்றாள்.

இப்போது எண்ணும் பதிந்தாயிற்று, ஜி.பி.எஸ்ஸும் இணைத்தாயிற்று. பரீட்சை பார்ப்பதற்காகச் சிவப்புப் பொத்தானைத் தொடக் கூடாது; அதற்குத் தனி வழி உண்டு. தவறி அழுத்திவிட்டால் வெட்கப்பட்டுப் பெட்டியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் கூடாது. செய்தியை ரத்து செய்து, 16-ஆம் சானலில் 'தவறி நேர்ந்தது' என்று சொல்லிவிட வேண்டும். இந்த வயர்லெஸ் தொடுவானத்துக்கு அப்பால் அதிகம் எட்டாது. வெகு தூரம் போகிறவர்களுக்கு, செயற்கைக்கோள் வழியே பேசும் இஸ்ரோவின் கருவி தனியே இருக்கிறது. வீட்டில் காத்திருக்கும் பெண்கள் நினைவில் வைக்க வேண்டிய கடலோரக் காவல்படையின் எண் 1554.

அன்றிரவு என் கைப்பேசியில், அவசர அழைப்புக்கு யார் எண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று பார்த்தேன். அப்பா வீட்டு லாண்ட்லைன்! அந்த இணைப்பைத் துண்டித்து ஆறு வருஷமாகிறது.

பேரனுக்கு, அன்று வாங்கிய அடிக்கு ஈடாக, மஞ்சக்குப்பத்தில் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்களாம்.