எனக்கென்று ஒரு காமிரா

ஒரு பெண் புடவைக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொன்னாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதே பெண் காமிராக் கடையில் அரை மணி நின்றால் போதும், "யாருக்கும்மா? பையனுக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். கல்யாணத்தில் படம் எடுப்பவர் ஆண், ஸ்டூடியோவில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்பவர் ஆண், வீட்டில் ஒரு காமிரா இருந்தால் அதுவும் பீரோவில் அப்பாவின் தட்டில்தான் இருக்கும். நமக்கென்று ஒதுக்கிய வேலை, குழந்தைகளுக்குத் தலை வாரிப் பவுடர் போட்டு வரிசையாக நிறுத்தி வைப்பது!

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா 1913-ல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தனவாம். பிறகு "டால்டா 13" என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். புடவையைக் கட்டிக்கொண்டு, கனத்த காமிராவையும் சுமந்துகொண்டு டில்லி முழுக்க அலைந்தவர். 1947-ல் செங்கோட்டையில் கொடி ஏறியதையும் படம் பிடித்தார், காந்திஜியின் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தார். 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. இதைப் படித்த நாளிலிருந்து, 'அந்தக் காலத்தில் அவரால் முடிந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு நான் ஒரு காமிரா வாங்கக் கூடாதா?' என்ற எண்ணம் என்னை விடவேயில்லை.

வெறும் ஆசை மட்டுமல்ல, ஒரு காரணமும் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரத்தில். என் மாமாவிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் III இருந்தது. பரோடாவில் தயாரான பெட்டிக் காமிரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். தேர்த் திருவிழாவுக்கு அவர் வந்தால் எங்கள் வீட்டுக்கு அதில் இரண்டு படம் கிடைக்கும். இன்று அந்த ஆல்பத்தைப் புரட்டினால் தாத்தா இருக்கிறார், அப்பா இருக்கிறார், பல்லில்லாமல் சிரித்துக்கொண்டு நான் இருக்கிறேன். அம்மா மட்டும் இல்லை. எங்கே இருந்திருப்பாள்? அடுப்படியில்தான்!

ஐந்து வருஷத்துக்கு முன் அப்பா காலமானார். மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில், அப்பா நிமிர்ந்து பார்க்கிற படம் ஒன்றுகூட அகப்படவில்லை. கடைசியில் அடையாள அட்டைக்காக எடுத்த தபால்தலை அளவுப் படத்தைத்தான் பெரிசாக்கினார்கள். கண் இரண்டும் மை தீற்றிய மாதிரி கலங்கிப் போயிருந்தன. அந்தப் படத்துக்கு முன்னால்தான் அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள். அவளையாவது ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சிறுவாட்டுப் பணமும் சீட்டு எடுத்த பணமுமாக என் கையில் முப்பத்தைந்தாயிரம் சேர்ந்தது. "இந்தப் பணத்துக்கு ஒரு மோதிரமாவது வாங்கலாமே?" என்றார் நாத்தனார். அத்தை மட்டும், "மோதிரத்தைப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறா? அவளுக்குப் புடிச்சதை வாங்கட்டும்" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் காமிரா தேவையில்லை. வெளிச்சத்தில் நிற்கிற மனிதரை எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பப் போனே போதும். ஆனால் கூடத்தில் தவழ்ந்து ஓடும் குழந்தை, இரவில் மேடையில் ஆடும் பெண், தூரத்துக் கிளையில் உட்கார்ந்த பறவை - இப்படிப்பட்டவற்றை எடுத்துப் பெரிய பிரிண்ட் போட ஆசை வந்தால், அப்போது காமிராவைப் பற்றி யோசிக்கலாம்.

கடையில் முதலில் சொல்வது மெகா பிக்ஸல் கணக்கு. அதைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆல்பத்தில் ஒட்டுகிற 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு இரண்டு மெகா பிக்ஸலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே தெளிவாக வரும். சுவரில் மாட்டுகிற 8-க்கு 12 அங்குலப் படத்துக்கு ஒன்பது போதும். சில வருஷம் பழைய காமிராக்களில்கூட இருபத்து நான்கு இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டதுமே என் கவலை பாதி குறைந்துவிட்டது.

அதைவிட முக்கியம், உள்ளே வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சென்ஸார் என்ற சில்லு. மழை பெய்யும்போது முற்றத்தில் டம்ளர் வைத்தால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், அண்டா வைத்தால் எவ்வளவு பிடிக்கும்? அதே கணக்குதான். கைக்கடக்கமான சின்னக் காமிராக்கள் பலவற்றில் இந்தச் சில்லு சுமார் 6 மில்லி மீட்டர் அகலம்தான். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற சாதாரண நிக்கான், சோனி காமிராக்களில் சுமார் 23.5 மில்லி மீட்டர் அகலம். பரப்பளவில் பதின்மூன்று மடங்கு பெரிசு. வெளிச்சம் குறைந்த கூடத்தில் படம் பொரி பொரியாக ஆகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது லென்ஸ். அதன் மேல் எழுதியிருக்கும் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிசு என்று அர்த்தம். காமிராவோடு கொடுக்கும் 18-55 லென்ஸை முழுக்க நீட்டினால் எண் 5.6 ஆகிவிடும். 1.8 என்று போட்ட லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கிற நாட்டியாஞ்சலி சிதம்பரத்தில் 1981-ல் தொடங்கியது. சின்ன வயசிலிருந்து பார்த்து வருகிறேன். மேடை விளக்கில் அந்தக் கால் அசைவைப் பிடிக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட லென்ஸ் வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் இதுவே நல்லது. ஜன்னல் வெளிச்சமே போதும், ஃபிளாஷ் அடித்துக் குழந்தையை மிரள வைக்க வேண்டாம்.

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய்க் கொக்கையும் மீன்கொத்தியையும் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்கு 300 மில்லி மீட்டர் வரைக்குமாவது போகிற லென்ஸ் வேண்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் எல்லா ஆசையையும் ஒரே பையில் அடைத்தால் பையும் கனக்கும், பர்ஸும் காலியாகும்! அம்மா முகம், நாட்டியம், வெள்ளிக் கடற்கரையில் சூரிய உதயம் - இந்த மூன்று மட்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தாளோடு நானும் இவரும் புதுச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் வழக்கம்போல இவரைப் பார்த்தே விளக்கிக்கொண்டிருந்தார். "வாங்கப் போறது அவங்க. எனக்கு இதுல ஆனாவும் தெரியாது, ஆவன்னாவும் தெரியாது" என்று இவர் சொன்ன பிறகுதான் காமிரா என் கைக்கு வந்தது. இப்போது கம்பெனிகள் பெரும்பாலும் மிரர்லெஸ் என்கிற கண்ணாடி இல்லாத வகைக்கு மாறிவிட்டன. அதனால் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் கைமாறி நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது நிக்கான் டி 3500. 2018-ல் வந்தது, இப்போது தயாரிப்பு நின்றுவிட்டது. 24 மெகா பிக்ஸல். லென்ஸ் இல்லாமல், பாட்டரியோடு 415 கிராம்தான். கனம் குறைவு என்பதை நான் பெரிய குணமாக நினைக்கிறேன். ஒரு கையில் காய்கறிப் பையோடு போகிற நமக்கு, தூக்க முடியாத காமிரா பீரோவுக்குத்தான் அலங்காரம்.

பழைய காமிரா வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. எத்தனை தடவை கிளிக் செய்திருக்கிறது என்ற கணக்கு, நிக்கானில் எடுத்த படத்தின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். இந்த ரகக் காமிராக்கள் ஒரு லட்சம் கிளிக் வரை தாங்கும் என்பது கம்பெனிகள் வழக்கமாகச் சொல்கிற கணக்கு. நான் வாங்கியது ஒன்பதாயிரம் சொச்சம்தான் ஓடியிருந்தது. வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பெரிசாக்கிப் பாருங்கள். பாட்டரி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைக்காரர் ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸை மலிவு என்று நீட்டினார். ஆனால் டி 3500-க்குள் போகஸ் மோட்டார் கிடையாது. அதற்கு "ஏஎஃப்-எஸ்", "ஏஎஃப்-பி" என்று எழுதிய லென்ஸ்தான் தானாகப் போகஸ் ஆகும். இதைச் சொன்னதும் அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடத்துக்கு விஷயம் தெரியுது" என்றபடி 35 மி.மீ., 1.8 லென்ஸை எடுத்து வைத்தார்!

காமிராவும் 18-55 லென்ஸும் இருபத்து நாலாயிரம். 35 மி.மீ. லென்ஸ் ஏழாயிரத்து ஐந்நூறு. மெமரி கார்டு, பை, லென்ஸுக்கு முன்னால் போடும் கண்ணாடி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் முப்பத்து நாலாயிரம். உடம்பின் விலையை மட்டும் பார்த்துப் பணத்தையெல்லாம் அதிலேயே போட்டுவிடாதீர்கள், லென்ஸுக்கும் கார்டுக்கும் ஒதுக்கி வையுங்கள். புதிசு வாங்குகிறவர்கள் பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்க வேண்டும். டிஜிட்டல் காமிராக்களுக்கு 2017-ல் 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2019 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். பில் இல்லாமல் கொடுத்தால் அந்த வரி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். பின்னால் ரிப்பேர் என்று வந்தால் அந்த மிச்சம் இரட்டிப்பாகப் போய்விடும்.

எங்கள் மாதிரிக் கடலோர ஊர்க்காரர்களுக்குப் பராமரிப்புதான் பெரிய விஷயம். கடற்கரைக்குப் போய் வந்தால், நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். உப்புக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. ரப்பர் வளையம் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நான் முறுக்கு டப்பாவை ஒழித்துக் கொடுத்துவிட்டேன்!

கோயிலுக்கு எடுத்துப் போகிறவர்கள் அந்த இடத்து விதியைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். நடராஜர் சன்னதியில் படம் எடுக்கக் கூடாது. வெளியே கிழக்குக் கோபுர வாசலில் நூற்றெட்டு நாட்டியக் கரணங்களும் கல்லில் இருக்கின்றன. காலை வெயில் சாய்ந்து விழும்போது அங்கே நின்று பாருங்கள்.

காமிரா வந்த மறு வாரமே சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். அம்மா வாசல் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இருடி, நல்ல புடவை கட்டிக்கிட்டு வரேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். "வேணாம்மா, அப்படியே இரு" என்றேன். முதல் பத்துப் படத்தில் விறைப்பாக இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுக் கதை பேச ஆரம்பித்ததும் என்னையும் மறந்தாள், காமிராவையும் மறந்தாள். பதினேழாவது படத்தில் சிரித்துவிட்டாள். 35 மி.மீ. லென்ஸில் எடுத்த அந்தப் படத்தில் கண்ணோரச் சுருக்கம்கூட எண்ணுகிற மாதிரி இருக்கிறது. 8-க்கு 12-ல் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "உங்க அப்பாவையும் இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாமா என்று கேட்டேன். "அதுக்கு இப்ப என்ன அவசரம்? கூடத்துல மாட்டு, வர்றவங்க பாக்கட்டும்" என்றாள்.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தைக் கார்டிலேயே விட்டுவிடாதீர்கள். 2004-ல் சுனாமி, 2011-ல் தானே புயல், 2015-ல் வெள்ளம் என்று எல்லாவற்றையும் பார்த்த ஊர் எங்கள் கடலூர். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் ஆல்பமும் தப்பாது, கம்ப்யூட்டரும் தப்பாது. அதனால் நான் இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று மஞ்சக்குப்பத்தில் என்னிடம். இன்னொன்று சிதம்பரத்தில் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப் படங்களை அதில் ஏற்றி வைக்கப் போகிறேன். பிறந்த வீட்டுக்குப் போக இப்படி ஒரு காரணம் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?