ஊர் கூடித்தான் சொல்லோணுமாம்

எங்க ஆயா சாகிறவரைக்கும் எங்கூர் மாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. எதிரே புளியமரத்தடியில் நின்று கும்பிடுவாள். திருநீறு மேலேயிருந்துதான் அவள் கையில் விழும்.

எம்.ஏ. படிக்கும்போது எங்கள் சீமைக்காரர் ஒருவரைப் பற்றி வாசித்தேன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம் ஜமீன்தார், டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல் மந்திரி. 1962இல் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போது இறந்தார். அவர் மனைவி ராதாபாய், மங்களூரில் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த குத்முல் ரங்கராவின் மகள். அவர் பதவிகளை வரிசையாக எழுதுகிறவர்கள் ஒன்றை அரை வரியில் தாண்டிப் போகிறார்கள். 1932இல் அவர் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தார்.

ஜமீன்தார் ஒருவர் இதைச் செய்தது சின்ன விசயமில்லை. ஆனால் மசோதாவின் அடிப்படை என்ன? அந்த வட்டாரத்து வாக்காளர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கோயிலைத் திறக்கலாம். 1933 சனவரியில் வைசிராய் அதற்கு அனுமதி மறுத்தார். அதே ஏற்பாட்டோடு மத்திய சட்டசபைக்கு ரங்க ஐயர் மசோதா வந்தது. பிப்ரவரியில் அம்பேத்கர் அதை ஆதரிக்க மறுத்துவிட்டார். தீண்டாமை பாவம் என்று மசோதா சொல்லவில்லை, பெரும்பான்மைக்கு விட்டுவிடுகிறது என்றார். நம் சனத்துக்கு முதலில் வேண்டியது படிப்பும் உத்தியோகமும் பிழைப்பும் என்றார்.

1947இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அந்த மந்திரிசபையில் சுப்பராயனும் இருந்தார். இந்தச் சட்டம் யார் ஓட்டையும் கேட்கவில்லை. அப்போது ஆயாவுக்குப் பத்து வயசு இருக்கும். பண்ணையத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டம் வந்த சேதியை எங்கள் வளவுக்கு யார் வந்து சொன்னார்கள்?

ஆயா செத்த வருசம் நாங்கள் நாலு பேர் அந்தச் சட்டத்தின் நகலோடு ஊர்ப் பெரியவர்களிடம் போனோம். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“சட்டமெல்லாம் இருக்கட்டும்ப்பா. ஊரு கூடிப் பேசித்தான் சொல்லோணும்.”

வைசிராய் நிறுத்திவைத்த அந்த ஓட்டெடுப்பு எங்கூரில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் ஊர்க்காரர்கள். நாங்கள் வளவுக்காரர்கள்.

சுப்பராயனுக்கு நல்ல மனசு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் உள்ளே போவதற்கு அடுத்தவன் ஏன் கை தூக்க வேண்டும்? அம்பேத்கர் கேட்டது இதைத்தான். எங்க ஆயாவுக்காக நான் கேட்பதும் இதுதான்.