தாங்குவது வேறு, மறைப்பது வேறு

வெள்ளி, அல்சூர்

ஆர்கேட் பெட்டியின் பக்கப் பலகைகள் நின்றுவிட்டன. 18 மி.மீ. ப்ளைவுட். வெளி அகலம் 60 செ.மீ., பலகைகளின் கனம் போக உள்ளே 56.4. இனி திரையை எதில், எப்படி நிறுத்துவது என்பதுதான் வேலை.

தம்பி தன் பழைய குழாய் டிவியைத் தருகிறேன் என்கிறான். பழைய விளையாட்டுகள் அதில்தான் அழகு, மறுக்கவில்லை. அன்றைய ஆர்கேட் பெட்டிகளில் குழாயின் நான்கு மூலைக் காதுகளையும் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஆனால் பின்மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருபதாயிரம் வோல்ட் சமாச்சாரம். சுவிட்சை அணைத்த பிறகும் குழாய்க்குள் மின்சாரம் தங்கியிருக்கும். மூடியைத் தொடாமல் டிவியை முழுசாகத் தட்டில் ஏற்றலாம் என்றால், கனமெல்லாம் முகப்புப் பக்கம். கவிழாமல் இழுத்துக் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாபஸ்பேட்டையில் மின்கழிவை முறைப்படி பிரிக்கிறார்கள், அங்கே போகட்டும்.

சனி, எஸ்.பி. ரோடு

பழைய மானிட்டர்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும் கடை. 17 அங்குலச் சதுரத் திரைகள் மலிவு. அவற்றின் 5:4 வடிவம், பழைய விளையாட்டுகளின் 4:3 படத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனாலும் 24 அங்குல அகலத் திரையைத்தான் எடுத்தேன். காரணம் அக்கா மகன்.

அவனுக்கு 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வேண்டும். 1991இல் வந்தது, படுத்த படம். 24 அங்குலத் திரையில் இருபுறமும் கறுப்பு விட்டு 19.6 அங்குலத்துக்கு வரும். எனக்கு 'பேக்-மேன்'. 1980, நின்ற படம். அதே திரையில் 14.7 அங்குலமாக ஒடுங்கிவிடும். திரையையே நிமிர்த்தி வைத்தால் அதுவும் 19.6. ஆக, திருப்பக்கூடிய பொருத்தம் தேவை.

கடைக்காரரிடம் ஐ.பி.எஸ். திரையாகவே கேட்டு வாங்கினேன். டி.என். வகையைக் கீழிருந்து பார்த்தால் நிறம் மாறும்; அதை நிமிர்த்தினால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். இருவர் பக்கம் பக்கமாக நின்று ஆடும்போது ஆளுக்கொரு நிறம் தெரியும்.

ஞாயிறு

ஆசாரி வந்தார். திரையை நிறுத்தும் வழிகளை அலசினோம். திரையின் ஸ்டாண்டோடு தட்டில் வைக்கலாம்: பொத்தானைத் தட்டும்போதெல்லாம் ஆடும், சாய்வும் போதாது. பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, பேனலை முகப்புச் சட்டத்துக்குள் சொருகலாம்: பார்க்க நறுவிசு, ஆனால் கண்ணாடி விளிம்பில் அழுத்தம்.

"முன்சட்டத்துலயே திரைய முடுக்கிட்டா வேலை சுளுவு சார்."

"அப்புறம் சட்டத்தைக் கழட்டினா திரையும் கையோட வருமே அண்ணா. தாங்குறது பின்னாடி இருக்கட்டும், சட்டம் மறைக்க மட்டும் போதும்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கப் பலகைகளில் பின்னோக்கி இருபது டிகிரிச் சாய்வில் ரீப்பர் அடித்தார். அதன்மேல் நீள்துளை ஆங்கிள், குறுக்கே ஒரு ப்ளைவுட் பலகை. திரையின் முதுகில் 100 மி.மீ. சதுரத்தில் நான்கு துளைகள். வெசா எனும் பொது அளவு, 14 கிலோ வரை தாங்கும் கணக்கு. ஸ்டாண்ட் இல்லாத திரைக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம்.

ஸ்க்ரூ எம்4, நீளம் 25 மி.மீ. பலகைக்கு 18, வாஷருக்கு ஒன்று போக ஆறு மி.மீ. உள்ளே பிடிக்கும். கையிலிருந்த 30 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டிருந்தால் துளையின் அடியில் போய் முட்டியிருக்கும்.

செவ்வாய்

துளைகள் சதுரத்தில் இருப்பதன் பலன் இன்று தெரிந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, திரையைக் கால் வட்டம் திருப்பினால் அதே துளைகளில் உட்காருகிறது. படுக்கையில் 54 செ.மீ. அகலம், நிமிர்த்தினால் அதே 54 உயரம். உள்ளே இரு திசையிலும் இடம் இருக்கிறது.

முகப்புச் சட்டத்தில் 40 செ.மீ. சதுரத் திறப்பு. அதற்குள் கறுப்பு மவுண்ட் போர்டில் இரண்டு மறைப்புகள்: ஒன்றின் திறப்பு 40க்கு 30, இன்னொன்றின் திறப்பு 30க்கு 40. பேனலைத் தொடாமல் சில மி.மீ. இடைவெளி. சட்டத்தைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது.

வியாழன்

காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறத் துளைகள் போட்டாயிற்று. மின்சாரம் போய் வந்தால் திரை தானாக உயிர்பெறுகிறதா என்று பார்த்தேன், பெறுகிறது. இல்லாவிட்டால் பொத்தானை அமுக்க ஒவ்வொரு முறையும் பின்கதவைத் திறக்க வேண்டும்.

பழைய கம்பெனிப் பெட்டிகளிலும் இதே ஏற்பாடுதான்: குழாயைச் சுமந்தது இரும்பு, ஓரத்தை மறைத்தது வெறும் அட்டை. இரண்டு வேலையையும் ஒரே மரத்தின் தலையில் கட்டினால் சின்ன ரிப்பேருக்கும் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். இந்தத் திரை ஒருநாள் போனால் அதே நான்கு துளை உள்ள எந்தக் கம்பெனித் திரையும் இதில் ஏறும். அட்டையை மட்டும் புதிதாக வெட்டிக்கொண்டால் போதும்.