மாடியில் கேமரா, கூடத்தில் கண்

தை பிறந்து பருவமழையின் மிச்சம் மீதியும் போனபின் எங்கள் ஊரான அணைக்கட்டில் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். மேற்கே ஆம்பூர்ப் பக்கமும் வடக்கே பள்ளிகொண்டா நெடுஞ்சாலைப் பக்கமும் விளக்கொளி அடிவானத்தை வெளுக்க வைக்கிறது. தெற்கே ஜவ்வாது மலைப் பக்கம் மட்டும் இன்னும் இருட்டு மிச்சமிருக்கிறது. அந்தத் திசையைப் பார்த்து மொட்டை மாடியில் கேமராவை நிறுத்திவிட்டு, கீழே கூடத்துக் கணினியில் உட்கார்ந்து அதை இயக்குவது எனக்குப் பிடித்த வேலை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஷூ. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் சாம்பிள்களைப் படம் எடுக்கும்போது, கேமராவைக் கேபிளால் லேப்டாப்போடு இணைத்துவிடுவோம். பொத்தானைத் தட்டிய கையோடு படம் பெரிய திரையில் வந்து நிற்கும். தோலின் ரேகை பதிந்திருக்கிறதா, தையல் நேராக ஓடுகிறதா, பழுப்பு பழுப்பாகவே விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் கேமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையில் பிடிபடாது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, படத்திலேயே நிறம் மாறினால் பேச்சு வளர்ந்துவிடும்.

வானத்துக்கும் அதே கேபிள்தான். ஆனால் சாதாரண யுஎஸ்பி கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. மாடியிலிருந்து கூடத்துக்கு அது போதாது. அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அளவிலான ராஸ்பெரி பை கணினி ஒன்றை வைத்து, குட்டைக் கேபிளால் இணைக்கிறேன். அதில் ஜிஃபோட்டோ என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அந்தச் சின்னக் கணினியும் கூடத்துக் கணினியும் வீட்டு நெட்வொர்க்கில் பேசிக்கொள்கின்றன. வைஃபை தடுமாறும் வீட்டில் ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடலாம், அது நூறு மீட்டர்வரை தாங்கும். ஷட்டர் நேரம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் கீழிருந்தே மாற்றலாம். எடுத்த படம் அதே வழியில் இறங்கி வரும். எல்லா கேமராவும் இதற்கு இசையாது என்பதால், வாங்குவதற்குமுன் மென்பொருளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? விண்மீன் படத்துக்கு ஷட்டர் இருபது வினாடிபோலத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் விரல் பட்டாலே புள்ளி கோடாகிவிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதனால் 20 மி.மீ. லென்ஸில் 25 வினாடியைத் தாண்டினால், விரல் படாவிட்டாலும் விண்மீன்கள் இழுபட்டுத் தெரியும். இப்படி நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சேர்க்கும்போது, தொடாமல் இயக்குவதுதான் ஒரே வழி.

அக்கா மகள் ஒரு நாள் கேட்டாள்: "மாமா, படம் எடுக்கும்போது நீங்க அங்க இல்லவே இல்லையே. அப்புறம் எப்படி அது நீங்க எடுத்த படம்?"

நல்ல கேள்வி. பெரிய விஞ்ஞானிகளின் வேலையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அமெரிக்காவின் பாலோமர் மலையில் 1948இல் ஐந்து மீட்டர் தொலைநோக்கி வந்தபோது, வானியலாளர் அதன் உச்சியிலுள்ள கூண்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார். மின்சாரத்தால் சூடேறும் உடையை மாட்டிக்கொண்டு, விடிய விடியப் புகைப்படத் தகட்டைக் காத்தார். இன்று லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் அதைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். அவர்கள் எடுக்கும் படத்தை அவர்கள் எடுத்ததல்ல என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ஹான்லேயில் ஆட்கள் இருக்கிறார்கள். கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் நிரப்புவதும், கருவிகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் அந்தக் குளிரில் நிற்கிறவர்களின் வேலை. தொலைவிலிருந்து இயக்குவது அந்தக் கைகளை நம்பித்தான் நடக்கிறது.

என் மாடியில் அந்தக் கையும் என்னுடையதே. இருட்டுவதற்குமுன் முக்காலியின் நடுத்தண்டில் மணல் பையைத் தொங்கவிடுவேன். ஆட்டோ ஃபோகஸையும் அதிர்வுத் தடுப்பையும் நிறுத்துவேன். இருட்டியதும் தெற்கே அகத்திய நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுவேன். பேட்டரி இருக்குமிடத்தில் மின் இணைப்பு போகும். கேபிள் இழுபடாமல் முக்காலிக் காலோடு கட்டப்படும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், லென்ஸ் கண்ணாடி அதற்கு எம்மாத்திரம்? அதைச் சுற்றி வெப்பப் பட்டை ஒன்று. கீழே இறங்கியபின் ஷட்டரை மாற்றலாம், முக்காலியின் காலை நகர்த்த முடியாது. கணினி முன்னால் உட்கார்ந்து செய்வதெல்லாம், சேடை ஓட்டிய வயலில் நடவு நடுகிற மாதிரிதான்.

அக்கா மகளுக்கு இதைத்தான் சொன்னேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: எந்தக் கேபிளாலும் கொண்டுவர முடியாதது இருட்டு.

எங்கள் ஜவ்வாது மலையின் இருட்டு சாதாரணமானதன்று. வானியலாளர் வைணு பாப்பு இருட்டைத் தேடி வந்து, வானாய்வகம் அமைக்க இந்த மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது அங்கிருந்தும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரியவந்த நிகழ்வு அது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு பாப்புவின் பெயரையே வைத்தார்கள். நம் மலையை உலக வானியல் வரைபடத்தில் ஏற்றியது இந்த இருட்டுதான்.

ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே விளக்குக்கு மூடி போடுவதும் ஜன்னலுக்குத் திரை போடுவதும் ஊர்க்காரர்களே செய்யும் காரியம். இங்கேயும் அது முடியும். அணைக்கட்டிலும் ஒடுகத்தூரிலும் தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. விளக்கு தரையைப் பார்க்கட்டும், வானத்தைப் பார்க்க வேண்டாம். மேல்மூடி போட்ட விளக்கில் தெருவுக்கு வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. எங்கிருந்தும் எதையும் இயக்கலாம் என்ற காலத்தில், கேபிளின் மறுமுனையில் இருக்கும் இடத்துக்குத்தான் மதிப்பு கூடுகிறது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு அங்கே குடியிருக்கும் நமக்கு.