குளிருக்குத் தூங்கப் போன கார்

2023 அக்டோபரில் தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னுக்குப் போயிருந்தேன். கார் மேதை ஹென்றி ஃபோர்டு வாழ்ந்த ஊர். தெருவெல்லாம் மேப்பிள் இலைகள் சிவப்பும் மஞ்சளுமாக உதிர்ந்து கிடந்தன.

பக்கத்து வீட்டில் எழுபத்தைந்து வயது அம்மாள் தனியாக இருந்தார். காலமான கணவரின் 1966-ம் வருஷத்து மஸ்டாங் காரோடு கராஜில் மல்லாடிக்கொண்டிருந்தார். "இந்த வயசில் எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்டேவிட்டேன்.

"பனி பெய்தா ரோட்டிலே உப்பைக் கொட்டுவாங்க. அது பட்டா தகடு துருப்பிடிச்சுடும். ஏப்ரல் வரைக்கும் இது வெளியே வராது" என்றார். பக்கத்து டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இருக்கிறதாம். அடேயப்பா!

அவர் செய்ததைக் கேளுங்கள். மெக்கானிக்கிடம் எஞ்சின் ஆயிலை மாற்றி, ரேடியேட்டர் உறையாமலிருக்கும் திரவத்தையும் சரிபார்த்துக்கொண்டு வந்துவிட்டார். டாங்க்கில் ஈரம் கோக்காமலிருக்க பெட்ரோலை நிரப்பி, அது கெடாமலிருக்க ஒரு மருந்தும் ஊற்றியாயிற்று. வண்டியை அடிப்பக்கம் வரை கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெழுகு பூசினார். பாட்டரியைக் கழற்றித் தனியே வைத்தார். ஹேண்ட் பிரேக் போட்டால் மாதக்கணக்கில் ஒட்டிக்கொள்ளுமாம்; சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். எலி நுழையாமல் புகைக்குழாயில் கம்பி நாரை அடைத்து, எடுக்க மறக்காமலிருக்கச் சீட்டெழுதி ஸ்டியரிங்கில் கட்டினார். மேலே பருத்தித் துணி. "பிளாஸ்டிக் போட்டா உள்ளே வேர்த்துடும்." நாம் பட்டுப் புடவையை மூடி வைப்பதும் இப்படித்தானே!

"நடுநடுவே ஸ்டார்ட் செய்து பார்க்கமாட்டீர்களா?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"கராஜுக்குள்ளே கூடவே கூடாது! புகையிலே கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறமில்லே, வாசனையில்லே. தூக்கத்திலேயே ஆளைக் கொன்னுடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை வீட்டுக்காரர் தினமும் காலையில் காரை கராஜிலேயே ஓடவிட்டுச் சூடாக்குவார். அதற்கு மேல்தான் தொட்டில் போட்ட அறை! அன்றிரவே சொன்னேன். மறுநாளிலிருந்து வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் சூடாக்கினார்.

எங்கள் அப்பாவின் அம்பாசிடர் நினைவுக்கு வந்தது. அவருக்குப் பின் ஷெட்டில் அப்படியே விட்டோம். எலி ஒயரைக் கடித்து, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. எடுத்து வைப்பது வேறு, போட்டு வைப்பது வேறு என்று அப்போது தெரியவில்லை.

ஏப்ரலில் தங்கை போட்டோ அனுப்பினாள். மஸ்டாங்கில் அந்த அம்மாள். பக்கத்தில் குழந்தையோடு தங்கை.