கேட்காமல் எழுதியது

29 ஜூலை 2025, செவ்வாய்
ஸ்ரீரங்கம்

அம்முவை நேற்று ராத்திரி சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாலாம் மாதம், உதிரப்போக்கு. மாப்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறார். இங்கே என் கணவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான். தனியே விட்டுவிட்டு நான் கிளம்ப முடியவில்லை.

விடியற்காலை மூன்று மணி. உத்திர வீதியே உறங்குகிறது. யாரைப் போய் எழுப்புவேன்? மாப்பிள்ளை அனுப்பிய படத்தை, ட்ரிப்ஸ் ஏறும் அவள் கையை, முகநூலில் போட்டு ‘என் மகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று எழுதினேன். ஆஸ்பத்திரி பெயர், மாதக் கணக்கு எல்லாம் அதில் இருந்தது. ஐந்தே நிமிஷத்தில் முதல் பதில், துபாயில் நைட் டியூட்டியில் இருக்கும் என் பழைய மாணவி. விடிவதற்குள் அறுபது பேர். நெஞ்சை அழுத்திய கல் கொஞ்சம் நகர்ந்தது.

30 ஜூலை, புதன்

அம்மு பேசினாள். குரலே எழும்பவில்லை.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா? போன தடவை கலைஞ்சப்போ எத்தனை பேருக்குப் பதில் சொன்னேன்! இந்தத் தடவை குழந்தை கைக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

உடனே அழித்துவிட்டேன். அதற்குள் அந்தப் படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

31 ஜூலை, வியாழன்

தம்பி வந்தான். வக்கீல். திட்டவில்லை, 1994-இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொன்னான். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கு. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்ற உச்ச நீதிமன்றம், மற்றபடி ஒருவருடைய அந்தரங்கத்தை, உண்மையோ பொய்யோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, அவர் ஒப்பாமல் வெளியிடக் கூடாது என்றதாம். குடும்பம், திருமணம் என்று போகும் அந்தப் பட்டியலில் தாய்மையும் இருக்கிறது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே உறுதிசெய்தார்கள்.

அவன் போனபின், ஹார்வர்டில் டயானா தமிர், ஜேசன் மிட்செல் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி முன்பே படித்தது நினைவுக்கு வந்தது. தன்னைப் பற்றிச் சொல்லும்போது, சாப்பாடும் பணமும் கிடைத்தால் மூளையில் எந்தப் பகுதிகள் கிளருமோ அவையே கிளர்கின்றன. கேட்க ஒருவர் இருந்தால் இன்னும் கூடுதல். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் கையில் வரும் காசைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது தன்னைப் பற்றிப் பேசினார்கள். மூன்று மணிக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியும் அதுவாக இருக்கலாம். ஆனால் நான் பேசியது என்னைப் பற்றியா? பயம் என்னுடையது. உடம்பும் பிள்ளையும் அவளுடையவை.

1 ஆகஸ்ட், ஆடி வெள்ளி

உறையூர் வெக்காளியம்மன். கூரை இல்லாமல் வெயிலும் மழையும் தாங்கி உட்கார்ந்திருப்பவள். மனக்குறையைக் காகிதத்தில் எழுதி அவள் முன்னால் சூலத்தில் கட்டுவார்கள். பக்கத்தில் ஒரு பெண் முழங்காலில் காகிதத்தை வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எழுதியதை எட்டாக மடித்து, நகத்தால் நீவி, நூலில் இறுக்கிக் கட்டினாள். சூலம் முழுக்க இப்படி மடித்த துன்பங்கள். கடன், நோய், கோர்ட் வழக்கு என்று எவ்வளவோ இருக்கும். அடுத்தவர் சீட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நானும் எழுதிக் கட்டினேன். ஆனாலும் அன்று ராத்திரி நான் ஏங்கியது ஒரு மனுஷக் குரலுக்கு. அந்த ஏக்கத்தைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. மாணவியை மட்டும் கூப்பிட்டிருக்கலாம்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபத்தில் காவிரி படிகளை மூடிக்கொண்டு ஓடுகிறது. காவிரித்தாய்க்கு மசக்கை என்றுதானே புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறி எடுத்துப் போகிறோம். மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு நிமிரும்போது அம்முவின் போன். ரத்தம் நின்றுவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

“மாடி வீட்டு அக்காகிட்ட சொல்லிக்கலாமாடி? தினமும் கேக்கறா.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அக்காகிட்ட மட்டும் சொல்லும்மா.”